பெயர் தெரியாத விறகு

"என்ன மரம்னு தெரியாம ஒரு குச்சியைக்கூட உள்ள வைக்க விடமாட்டேன்!"

ரொட்டிக் கடைக்காரரின் மனைவி அடுப்பு வாயை மறித்துக்கொண்டு நின்றாள்.

கடைக்காரர் விறகுக் குவியலைப் பார்த்தார். முந்தின நாள் சாயங்காலம் விறகுக்காரன் பின்வாசலில் கொட்டிவிட்டுப் போனது. வழக்கமான விறகு இல்லை. சாம்பல் நிறப் பட்டை, உள்ளே வெளிறிய சிவப்பு. அவனைக் கேட்கலாம் என்றால் போன் அணைந்து கிடந்தது. விடிந்தால் பள்ளிக்கூடத்துக்கு ரொட்டி போயாக வேண்டும். தவறினால் அந்த ஆர்டர் எதிர்க்கடையின் கரண்ட் அடுப்புக்குப் போய்விடும். அப்புறம் இவர் அடுப்பில் பூனைதான் தூங்கும்.

"விறகுன்னா எரியணும். பேரு, ஊரு விசாரிக்க இதென்ன மாப்பிள்ளையா?"

"சில மரத்துப் புகை விஷங்க. புள்ளைங்க சாப்பிடற ரொட்டி."

அவர் குவியலைக் கிளறினார். ஒரு கட்டையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு தச்சரிடம் போனார். ரொட்டிக்காரர்கள் விடியுமுன் எழுந்து, பாதித் தூக்கத்தை மத்தியானத்துக்கு மிச்சம் வைப்பவர்கள். நம் ஆள் அந்த மிச்சத்தோடேயே தெருவில் மிதந்து போவார்.

தச்சர் கட்டையைத் தட்டினார், நகத்தால் கீறினார், நுனிநாக்கில் வைத்தார், துப்பினார்.

"கசக்குது. எதுக்கும் ஜாக்கிரதையா இருங்க."

"என்ன மரம்?"

"எங்கிட்ட எல்லாம் பலகையாத்தான் வரும். பட்டையைப் பார்த்து யார் கண்டா?"

ஓய்வுபெற்ற தாவரவியல் வாத்தியாரோ கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே, "இலை எங்கே? பூ, காய்?" என்றார்.

"விறகு சார் இது."

"மூஞ்சியைக் காட்டாம ஆளைக் கண்டுபிடிக்கச் சொல்றீங்க. சரி, தண்ணியில போட்டுப் பாருங்க. மிதந்தா ஒரு வகை, முழுகினா ஒரு வகை."

வீட்டுக்கு வந்து போட்டார். கட்டை மிதக்கவும் இல்லை, முழுகவும் இல்லை. தலையை மட்டும் நீட்டி அவரையே பார்த்தது. சந்தேகம் தீராமல் இன்னும் நாலைந்தைப் போட்டதில், இருந்தவற்றில் காய்ந்த கட்டைகளும் நனைந்ததுதான் மிச்சம்.

சற்றுப் படுத்தால் வழி தோன்றும் என்று கடைக்குப் பின்னால் இருந்த காலி மனைக்குப் போனார். அவருடைய மடக்குக் கட்டில் அங்கேதான். போகிற வழியில் கால் எதிலோ இடறியது. குனிந்து பார்க்கத் தோன்றவில்லை. படுத்தால் வெயில் நேராக முகத்தில் அடித்தது. நேற்றும் விழித்தபோது கன்னம் சுட்டது. இந்த வருஷம் கோடை முந்திக்கொண்டது என்று அலுத்துக்கொண்டார்.

கடைசியில் ஒரு சிராயைத் தகரத்தட்டில் வைத்துக் கொளுத்தினார். வெள்ளைப் புகை அவசரமே இல்லாமல் எழுந்தது. மனைவி எட்ட நின்று மூக்கைப் பொத்திக்கொண்டாள். அவர் கண்ணை மூடினார். உடம்பு பஞ்சானது. இமைக்குள் வெளிச்சப் பொட்டுகள் அசைந்தன. மேலே எங்கோ ஒரு சலசலப்பு. எவ்வளவு சுகம்!

"இந்த வாசனை எனக்கு நல்லாத் தெரியும்மா," என்றார் சொக்கிப்போய். "இதோட எத்தனையோ மத்தியானம் படுத்திருக்கேன்."

"எங்கே?"

"ஞாபகமில்ல. மடியில தலை வச்ச மாதிரி இருக்கும். நெத்தியைக் காத்து கோதிவிடும்..."

"யார் மடியில?"

"அதுதான் தெரியல."

பொய் சொல்லியிருந்தால் பிழைத்திருப்பார்.

"தினம் மத்தியானம் பின்பக்கம் போறது இதுக்குத்தானா? நானும் பாவம், தூங்கறாரேன்னு அந்தப் பக்கமே எட்டிப் பார்த்ததில்ல!" அவள் தான் கட்டியிருந்த சமையல் மேலங்கியைக் கழற்றி அவர் தலையில் போட்டாள். "அவளையே வந்து ரொட்டி சுடச் சொல்லுங்க!"

பொழுது சாய்ந்தது. பிசைந்த மாவு பொங்கித் தொட்டிக்கு வெளியே வழிந்தது. அடுப்பு சில்லிட்டுக் கிடந்தது. அவருக்கு அழுகை வந்தது.

அப்போதுதான் தோளில் ரம்பத்தோடு விறகுக்காரன் வந்து நின்றான்.

"இந்தப் புகை விஷமாப்பா?" என்று பாய்ந்தாள் அவள்.

"எங்க வீட்டுல நேத்திலேர்ந்து இதுலதான் சமையல் அண்ணி. எல்லாரும் குத்துக்கல்லாட்டம் இருக்கோம்."

அவள் பெருமூச்சோடு அடுப்பைப் பற்றவைத்தாள். கோபம் மட்டும் அணையவில்லை. "இது எந்த ஊரு மரம்? இவரு யாரோட படுத்திருந்தாராம்? அதையும் சொல்லிட்டுப் போ."

விறகுக்காரன் தலையைச் சொறிந்தான்.

"ஊரெல்லாம் இல்லீங்க அண்ணி. விறகுக்கு எதை வெட்டறதுன்னு நேத்து மத்தியானம் கேட்டேன், 'பக்கத்துல இருக்கறதை வெட்டு'ன்னு கண்ணை மூடிக்கிட்டே சொன்னாரு. கட்டிலோட தூக்கித் தள்ளி வச்சுட்டு, அண்ணன் தினம் படுத்துத் தூங்கற மரத்தை வெட்டினேன், மனுஷன் புரண்டுகூடப் படுக்கல!"