மரக்காணத்தில் ஒரு மாம்பலம்

இந்த ஊரில் இனி இருப்பதில்லை என்று காசிலிங்கம் முடிவெடுத்தது, வாசல் கேட் கையோடு வந்துவிட்ட காலையில்.

பால் வாங்கத்தான் திறந்தார். கேட் திறக்கவில்லை, கழன்றது. கீல் துருப்பிடித்துப் பொடியாகியிருந்தது. ஒரு கையில் பால் பாக்கெட்டும் மறு கையில் இரும்புக் கேட்டுமாக அவர் நின்ற கோலத்தைத் தெருவே பார்த்தது. மரக்காணத்தில் உப்பளத்தை ஒட்டி வீடு கட்டியவருக்கு இது புதிதில்லை. உப்பங்காற்று போன வருஷம் மோட்டாரைத் தின்றது. அதற்கு முந்தி டிவியைத் தின்றது. பீரோவின் ஒரு காலையும் தின்றுவிட்டதால் பீரோ செங்கல்லின் தயவில் நிற்கிறது.

"அம்சா, நாம சென்னைக்குப் போறோம்" என்றார் உள்ளே பார்த்து.

"யாருக்குக் கல்யாணம்?" என்று கேட்டபடி வந்தாள் அம்சவள்ளி.

"கல்யாணத்துக்கு இல்ல. குடி போறோம். நடு சென்னை. மாம்பலம்."

அம்சவள்ளி அவர் முகத்தைப் பார்த்தாள். பிறகு கையைப் பார்த்தாள்.

"கேட்டையும் எடுத்துக்கினு போறோமா?"

காசிலிங்கம் கேட்டைச் சுவரில் சாய்த்தார். சுவரிலிருந்து கொஞ்சம் பூச்சு உதிர்ந்தது.

அவர் பஸ் ஸ்டாண்டில் டைம் கீப்பராக இருந்து ரிட்டயர் ஆனவர். சர்வீஸ் முழுக்கச் சென்னை பஸ்ஸை விசில் ஊதி அனுப்பினார். ஒரு ராத்திரி கூடச் சென்னையில் தங்கியதில்லை. ஊரையெல்லாம் ஏற்றி அனுப்பிவிட்டு நான் மட்டும் இங்கே உப்புப் பூத்து உட்கார்ந்திருக்கிறேனே என்பது அவருடைய மனக்குறை. அந்தக் குறையைப் போன் போட்டுப் போட்டு வளர்த்துவிட்டவர் பிரபாகரன். கூட வேலை பார்த்தவர். ரிட்டயர் ஆனதும் மாம்பலத்தில் போய்க் குடியேறிவிட்டார்.

"படியிறங்கினா காப்பி, திரும்பினா கோயில், ரோட்டைத் தாண்டினா ஆஸ்பத்திரி. பஸ்ஸே வேணாம் காசி" என்பார் பிரபாகரன்.

காசிலிங்கத்துக்குப் பென்ஷன் ஒன்றுதான் வருமானம். மாம்பலத்து வாடகை வருஷா வருஷம் மாடிப்படி ஏறும். பென்ஷனுக்கோ மூட்டு வலி, இருந்த இடத்திலேயே இருக்கும். ஆனால் அதற்கும் அவரிடம் ஒரு வழி இருந்தது. குயிலாப்பாளையத்தில் விருந்தினர் விடுதி நடத்தும் ஜான்சன் இந்த வீட்டை ரொம்ப நாளாகக் கேட்டுக்கொண்டிருந்தான். சனி ஞாயிறுகளில் உப்பளம் பார்க்க, பறவை பார்க்க வரும் சென்னைக்காரர்களை இங்கே தங்கவைக்கலாம் என்பது அவன் யோசனை. அவர்கள் காசு கொடுத்து இங்கே தங்குவார்கள். அந்தக் காசில் காசிலிங்கம் அங்கே போய்த் தங்குவார். கணக்கு கச்சிதம். அப்போதே ஜான்சனுக்குப் போன் போட்டு, அடுத்த ஒண்ணாம் தேதி வந்து அக்ரிமென்ட் போட்டுக்கொள்ளச் சொல்லிவிட்டார்.

அம்சவள்ளி எதிர்த்துப் பேசவில்லை. என்றைக்குமே பேசுகிறவள் இல்லை. சாயங்காலம் விளக்கேற்றி, சாமி படத்துக்கு முன்னால் கைகூப்பி நின்றாள்.

"அங்காளம்மா தாயே, இவரு ஆசைப்பட்ட டவுன் வாழ்க்கையை இவருக்கு ஒரு குறையுமில்லாம நீதான் குடுக்கணும்."

சத்தமாகவே வேண்டினாள். காசிலிங்கத்துக்குக் கண் கலங்கிவிட்டது. தாய் இவ்வளவு சீக்கிரம் காரியத்தில் இறங்குவாள் என்று அவர் நினைக்கவில்லை.

"ஏங்க" என்றாள், விபூதி வைத்துவிட்டபடி. "ஒண்ணாம் தேதி வரைக்கும் நாள் இருக்குது. அதுக்குள்ள கொஞ்சம் பழகிப்பமா?"

"எதை?"

"மாம்பலத்தைத்தான். திடீர்னு போய் நின்னா எனக்குக் கையும் ஓடாது காலும் ஓடாது. பிரபாகரன் அண்ணன் அங்க எப்படி இருக்காரோ, அதே மாதிரி நாம இங்கயே இருந்து பாத்துட்டா பயம் தெளிஞ்சிடும்."

இவளுக்குக் கூட யோசனையெல்லாம் வருகிறதே என்று காசிலிங்கம் மகிழ்ந்துபோனார். அன்றைக்கே பிரபாகரன் பெண்சாதிக்குப் போன் போட்டு, மாம்பலத்து நடைமுறைகளை ஒன்று விடாமல் கேட்டுக்கொண்டாள் அம்சவள்ளி.

மறுநாள் காலை காசிலிங்கம் எழுந்து கொல்லைப்பக்கம் போகப் பார்த்தார். நடுக்கதவு பூட்டியிருந்தது.

"நமக்கு முன் ரூமும் அடுப்படியும்தாங்க" என்றாள் அம்சவள்ளி. "பின்பக்கம் வீட்டுக்காரங்க போர்ஷன்."

"யாரு வீட்டுக்காரங்க?"

"யாராச்சும் ஒருத்தர் இருக்கணும்ல. இப்போதைக்கு நானே இருக்கறேன்."

"அப்ப எனக்குப் பொண்டாட்டியா யாரு இருக்கறது?"

"அதுவும் நான்தான். ஆனா வீட்டுக்காரங்க பேசறப்ப அவ வாயைத் தொறக்க மாட்டா."

அடுப்படிக் குழாயைத் திறந்தார். காற்று வந்தது.

"விடியக்காலையில விட்டு நிறுத்தியாச்சு. நீங்க தூங்கிட்டீங்க."

"கெணறு இருக்குதேடி."

"அது வீட்டுக்காரங்க போர்ஷன்ல இருக்குதுங்க."

மரக்காணத்தில், சொந்தக் கிணறு இருக்கிற வீட்டில், காசிலிங்கம் ஒரு சொம்புத் தண்ணீரில் முகம் கழுவி, அதே சொம்பில் வாய் கொப்பளித்து, மிச்சத்தைக் காலில் ஊற்றிக்கொண்டார். டவுன் என்றால் அப்படித்தான் என்று மனதைத் தேற்றிக்கொண்டார்.

பிறகு காப்பி வந்தது. டம்ளரில் பாதிதான் இருந்தது.

"மீதி?"

"பென்ஷனோட ஜான்சன் குடுக்கப்போறதையும் சேத்துப் பாத்துட்டேங்க. வாடகை, மெயின்டனன்ஸ், கரெண்டு, தண்ணி லாரி எல்லாம் போக, கையில நிக்கறதுக்கு இவ்ளோதான் காப்பி. பேப்பரை நிறுத்தச் சொல்லிட்டேன். கீழ கடையில தொங்குமாம், தலைப்பை மட்டும் படிச்சிக்கலாமாம். பிரபாகரன் அண்ணன் அப்படித்தான் படிக்கிறாராம்."

காசிலிங்கத்துக்கு அப்போதுதான் ஒன்று விளங்கியது. பிரபாகரன் போனில் நாட்டு நடப்பெல்லாம் விலாவாரியாக ஆரம்பிப்பார். எதையும் முடித்ததில்லை.

சட்டங்கள் ஒவ்வொன்றாக வந்தன. மொட்டை மாடியில் துணி காயப்போடக் கூடாது. ஸ்கூட்டரை உள்ளே விடக் கூடாது, தெருவில்தான் நிற்க வேண்டும். சுவரில் ஆணி அடிக்கக் கூடாது. ராத்திரி ஒன்பதுக்குக் கேட்டைப் பூட்டிவிடுவார்கள்.

"நம்ம வீட்டுக்குத்தான் கேட்டே இல்லையே."

"கேட் இல்லன்னாலும் ரூல் இருக்குதுல்ல."

அன்றைக்கு டீக்கடையில் பேச்சு சுவாரசியத்தில் காசிலிங்கத்துக்கு நேரம் போனது தெரியவில்லை. திரும்பி வந்தால், கேட் இருந்த இடத்தில் கயிற்றுக் கட்டில் குறுக்கே கிடந்தது. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தன் வீட்டுக்குள் தானே தாண்டிக் குதித்தார். பக்கத்து வீட்டு லட்சுமியம்மாள் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஏம்பா காசி, உன்னை வாடகைக்கு வெச்சிருக்காளாமே அம்சா? அட்வான்ஸ் எவ்ளோ குடுத்தே?"

மறுநாளே ஊர் பேச ஆரம்பித்தது. பென்ஷனைப் பிடுங்கிக்கொண்டு புருஷனை முன் ரூமில் தள்ளிவிட்டாள் என்றது ஒரு கட்சி. அவர்தான் ஏதோ தப்பு பண்ணியிருப்பார் என்றது இன்னொரு கட்சி. இரண்டாவது கட்சிக்கு ஆள் அதிகம்.

காசிலிங்கம் அசரவில்லை. மாம்பலத்துக்குப் போகிறவன் மரக்காணத்துப் பேச்சைக் கேட்கலாமா? கிணற்றைச் சுற்றி வாக்கிங் போக முடியாததால் முன் ரூமிலேயே சுவருக்குச் சுவர் நடந்தார். துணியை ஜன்னல் கம்பியில் காயப்போட்டார். அம்சவள்ளி தினமும் விளக்கேற்றி, "இவரு படற சந்தோஷம் இப்படியே நெலைச்சிருக்கணும் தாயே" என்று வேண்டிக்கொண்டாள்.

அவரைச் சாய்த்தது மீன்.

படகுக்காரன் பக்கிரி சிநேகிதத்துக்கு வாரம் ஒரு தடவை மீன் கொண்டுவருவான். அன்றைக்கும் பையோடு வந்தான்.

"இன்னாண்ணே, முன் ரூம்ல பஸ்ஸுக்கு நிக்கற மாதிரி நிக்கறே?"

காசிலிங்கம் பதில் சொல்வதற்குள் நடுக்கதவு திறந்தது. அம்சவள்ளி இடுப்பில் சாவிக்கொத்தோடு நின்றாள்.

"யாருங்க வந்திருக்கறது?"

"அண்ணி, நான்தான் பக்கிரி."

"தெரியுதுப்பா. வாடகைக்கு இருக்கறவங்களைப் பாக்க வர்றதுன்னா முன்கூட்டியே சொல்லிட்டு வரணும். பையில என்ன?"

"சங்கரா மீனு. இப்பத்தான் எறங்குச்சு, கண்ணைப் பாருங்க, எப்படி முழிக்குதுன்னு."

"வீட்டுக்காரங்க சைவம்பா. மீன் வாசனை ஆகாது."

பக்கிரி, மீனை விட நன்றாக முழித்தான்.

"போன வாரம் நெத்திலி கேட்டது நீங்கதானே அண்ணி?"

"அது நான். இது வீட்டுக்காரங்க."

பக்கிரி காசிலிங்கத்தை ஓரமாக இழுத்தான். "அண்ணே, எவ்ளோ நாளா இப்படி இருக்குது? இடையஞ்சாவடியில ஒருத்தரு மந்திரிக்கறாரு. கூட்டிக்கினு போயிடலாமா?"

"வேணாம்பா. ரெண்டு பேரும் நல்லாத்தான் இருக்காங்க" என்றார் காசிலிங்கம்.

மீன் அவர் கண்ணெதிரே லட்சுமியம்மாள் வீட்டுக்குப் போனது. மத்தியானம் அவர் தட்டில் பீர்க்கங்காய்க் கூட்டு விழுந்த நேரத்தில், கேட்டைத் தின்ற அதே கடல்காற்று மதில் தாண்டி மீன் குழம்பு வாசனையைத் தூக்கிக்கொண்டு வந்தது. மாங்காய் போட்டிருந்தாள் லட்சுமியம்மாள். கடைசியில் ஒரு கரண்டி நல்லெண்ணெயும் விட்டிருந்தாள். வாசனையிலேயே எல்லாம் தெரிந்தது.

எச்சில் கையோடு போனை எடுத்தார்.

"பிரபாகரா, உண்மையைச் சொல்லு. அங்க மீன் சாப்பிடறியா இல்லையா?"

"வீட்டுக்காரருக்கு ஆகாது காசி. ஆகற வீடுன்னா நம்ம பென்ஷனுக்கு ஆகாது. பழகிடும்ப்பா." பிறகு மெல்ல, "என்ன மீனு?"

"சங்கரா."

"மாங்கா போட்டதா?"

காசிலிங்கம் போனை வைத்துவிட்டார். கூட்டை ஒதுக்கினார். கை கழுவக் குழாயைத் திறந்தார். காற்று வந்தது. வேட்டியில் துடைத்துக்கொண்டார். தோற்றுவிட்டேன் என்று சொல்ல வாய் வரவில்லை. வேறு மாதிரி சொல்ல ஒரு வழி கிடைத்தது.

"அம்சா, இங்க வா."

"வீட்டுக்காரங்களைக் கூப்பிடறீங்களா, என்னையா?"

"உன்னைத்தான். பொண்டாட்டியை."

முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தாள்.

"உனக்காக ஒரு முடிவு எடுத்திருக்கேன். மாம்பலம் உனக்கு ஒத்துவராது. நாம இங்கயே இருந்துடலாம்."

"எனக்கு ஒத்துவருதேங்க" என்றாள் அம்சவள்ளி. "ரெண்டு ரூம் பெருக்கினா வேலை முடிஞ்சுது. மீன் ஆயற வேலை இல்ல. படியிறங்கினா காப்பி, திரும்பினா கோயில்னு நீங்கதானே சொன்னீங்க. எனக்கும் ஆசையாத்தான் இருக்குது."

"அங்க காத்து இருக்காதும்மா."

"காத்துதானேங்க நம்ம கேட்டைத் தின்னுச்சு."

"கேட்டை நான் போட்டுடறேன்."

"ம்."

"துருப்பிடிக்காத கேட்டா போட்டுடறேன்."

"ம்."

"மீனை நானே ஆயறேன்."

அம்சவள்ளி கொஞ்சம் யோசித்தாள். "ஆய்ஞ்ச எடத்தையும் கழுவணும்."

"கழுவறேன்."

"செதில் ஒண்ணு கூடக் காலில ஒட்டக் கூடாது."

"ஒட்டாது தாயே."

அவள் பெருமூச்சு விட்டாள். "அதெல்லாம் சரிங்க. ஜான்சனுக்கு என்ன பதில் சொல்றது? வாக்குக் குடுத்துட்டோம். பாவம், ஒண்ணாம் தேதியை எதிர்பாத்துக்கினு இருப்பான். அந்தப் புள்ள மனசு நோகுமே."

"நானே நேர்ல போய்ப் பக்குவமா சொல்லிட்டு வர்றேன்."

"உங்க இஷ்டம்ங்க. நான் என்னைக்கு உங்க பேச்சைத் தட்டியிருக்கேன்?"

சாவியை எடுத்து நடுக்கதவைத் திறந்துவிட்டாள். காசிலிங்கம் நேரே கிணற்றடிக்கு ஓடி, குளித்தார். மறுபடியும் குளித்தார்.

மறுநாள் காலையிலேயே ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு குயிலாப்பாளையம் கிளம்பினார். வழியெல்லாம் பேச வேண்டியதைச் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனார். ஜான்சன் கோபப்படலாம். கெஞ்சலாம். வாடகையை ஏற்றிக் கொடுக்கிறேன் என்று கூடச் சொல்லலாம். அசையக் கூடாது.

ஜான்சன் விடுதி வாசலில் செடிகளுக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தான். காசிலிங்கம் தொண்டையைச் செருமினார்.

"ஜான்சன், ஒரு சங்கடமான சேதி. மனசைத் திடப்படுத்திக்கோ. அந்த வீட்டை உனக்குக் குடுக்கறதுக்கில்ல. நல்லா யோசிச்சு நானா எடுத்த முடிவு. அம்சாவுக்கு இதுல இஷ்டமே இல்ல, மாம்பலம் மாம்பலம்னு ஒரே பிடிவாதம். நான்தான் ஒரே பேச்சா முடியாதுன்னு சொல்லிட்டேன்."

"அதனால என்ன சார்" என்றான் ஜான்சன், குழாயைக் கூட நிறுத்தாமல். "கேட் விழுந்த அன்னைக்குச் சாயங்காலமே அம்மா போன் பண்ணி, இந்த வீடு கிடைக்காது, வேற பாத்துக்கோன்னு சொல்லிட்டாங்க. நான் இடையஞ்சாவடியில ஒண்ணை முடிச்சு, ஆளுங்க வந்து தங்கவே ஆரம்பிச்சுட்டாங்க."

காசிலிங்கம் ஸ்கூட்டரைப் பிடித்துக்கொண்டார்.

ஜான்சன் திடீரென்று நாக்கைக் கடித்துக்கொண்டு குழாயை நிறுத்தினான்.

"ஐயையோ, நீங்க வந்து சொல்லும்போது முதல் தடவையா கேக்கற மாதிரி கேட்டுக்கச் சொன்னாங்க சார், மறந்தே போயிட்டேன். இன்னொரு வாட்டி முதல்லேர்ந்து சொல்றீங்களா?"