வெள்ளிக்கிழமை மட்டும் அடிக்காத தண்டவாளம்

புதுக்கோட்டையில் என்னிடம் அதிகம் வசவு வாங்கிய மனிதர் தண்டவாளம்தான். கீழராஜ வீதியில் எங்கள் கட்டடத்தின் இரண்டாம் மாடியில் போட்டோ ஸ்டூடியோ வைத்திருந்தார். வாசல் பலகையில் அவருடைய சொந்தப் பெயர் இருந்தது. அதை யாரும் படித்ததில்லை.

சமஸ்தானம் திருச்சி ஜில்லாவோடு சேர்ந்து சில வருஷங்கள் ஆகியிருந்தன. கீழே காபி கிளப், முதல் மாடியில் என் டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட், அதற்கு மேலே அவர். எல்லோருக்கும் ஒரே மரப்படி. அதைச் சொல்லித்தான் தினமும் என்னிடம் வந்து நிற்பார்.

"தீப்புடிச்சா எங்கிட்டு சார் எறங்குவீங்க? ஒரு மணி கட்டுங்கன்னா வீட்டுக்காரரு ஒங்களக் கேக்கச் சொல்றாரு. நீங்க அவரக் கேக்கச் சொல்றீங்க. நெருப்பு யாரையும் கேக்காது!"

யாரும் கட்டவில்லை. அவரே எங்கிருந்தோ ஒரு தண்டவாளத் துண்டைக் கொண்டுவந்து, சரியாக என் வாசலுக்கு நேரே தொங்கவிட்டார். அநியாயம் அங்கே தொடங்கியது.

புகை மூக்கில் பட்டால் போதும், சுத்தியலால் அடிப்பார். கட்டடமே தெருவில் இறங்கி நிற்க வேண்டும். படம் எடுக்க வந்த மாப்பிள்ளையையும் பெண்ணையும் மாலையோடு இறக்கிவிட்டார். என் மாணவர்களுக்குப் பரீட்சை நடக்கும்போதும் அடித்தார்.

"தோசை தீஞ்சதுக்காங்க ஊரக் கூட்டுறீங்க?" என்று கத்தினேன்.

"தீ தோசையோட நிக்கும்னு நீங்க ஜாமீன் தருவீங்களா சார்?"

வெள்ளிக்கிழமைகளில் நிலைமை இன்னும் மோசம். எல்லாக் கடையிலும் சாம்பிராணி போடுவார்கள். இவர் விடாமல் அடிப்பார். பொறுத்துப் பொறுத்துப் பார்த்து, ஒருநாள் அவரைப் பிள்ளையார் கோயிலுக்கு இழுத்துப் போனேன். இனி வெள்ளிக்கிழமை தன் கையால் அடிப்பதில்லை என்று எரியும் கற்பூரத்தை அடித்துச் சத்தியம் செய்யவைத்தேன். அன்று நிம்மதியாகச் சாப்பிட்டேன்.

அடுத்த மாதமே ஒரு வெள்ளிக்கிழமை, வகுப்பு நடந்துகொண்டிருக்கும்போது உள்ளே பாய்ந்து வந்தார்.

"சார், இது சாம்பிராணி இல்ல! காபி கிளப்புல எண்ணெய்ச் சட்டி பத்திக்கிச்சு!"

"அப்ப அடிச்சுத் தொலைங்களேன்!"

"கற்பூரம் அடிச்சிருக்கேன் சார். நீங்க அடிங்க!"

சுத்தியலை என் கையில் திணித்தார். படியில் புகை ஏறிவிட்டது. இந்த மனிதர் சத்தியம் பேசுகிறார்! எனக்கு வந்த ஆத்திரத்தையெல்லாம் தண்டவாளத்தில் காட்டினேன். எல்லோரும் இறங்கித் தப்பித்தோம். படியின் கீழ்ப்பாதி கரியாகிவிட்டது.

தெருவில் நின்று அவர் என்னைத் திட்டினார். "என்ன சார் அடி அது? பள்ளிக்கூடம் விடுற மாதிரி! நாளப்பின்ன பலமா அடிக்கப் பழகுங்க."

சத்தியத்தை மட்டும் கடைசிவரை மீறவில்லை. வாரத்தில் ஆறு நாள் அவர், வெள்ளிக்கிழமை நான் என்று ஆகிவிட்டது.

அவர் காலமானது ஒரு செவ்வாய்க்கிழமை. அன்று என் முறை இல்லை. ஆனாலும் போய் அடித்தேன், பலமாகவே. கட்டடம் முழுவதும் தெருவில் இறங்கி நின்றது. ஒருவர்கூட என்னைத் திட்டவில்லை.