போனுக்குக் கதிரை போட்ட மனிதர்

பழைய டயல் போன் கரகரவென்று சுழன்று திரும்பும் சத்தம் எங்கே கேட்டாலும், துறைமுக வீதியின் உப்புக்காற்றோடு கதிரை மாஸ்டரும் நினைவுக்கு வந்துவிடுவார். போனில் பேசுவதற்கு முன் தலைவாரிக்கொண்டவர் திருகோணமலையிலேயே அவர் ஒருவர்தான்.

பேச்சு வராத, தலையைச் சுவரில் மோதிக்கொள்கிற பிள்ளைகளைப் பழக்கும் சிறு நிலையம் எங்களுடையது. அவர் பயிற்சியாளர், நான் தட்டச்சு. சண்டை முற்றி மூதூர்ப் படகு நின்றது. விரிகுடா யாரையும் ஏற்றாமல் நீலமாகவே கிடந்தது. எங்களிடம் பிள்ளைகளைக் கொண்டுவந்த தோப்பூர் முஸ்லிம் குடும்பங்களும் கட்டைபறிச்சான் தமிழ்க் குடும்பங்களும் அக்கரையில் அகப்பட்டுக்கொண்டன.

"படகு வராட்டி என்ன, வயர் போகுதுதானே!" என்றார் மாஸ்டர்.

அன்றிலிருந்து போனுக்கு எதிரே ஒரு கதிரை. அழைப்பு வந்ததும், அக்கரைத் தாயே எதிரில் வந்து நிற்பதுபோல், "இருங்கோ பிள்ளை" என்று அதைக் காட்டுவார். ஒருநாள் நான் அதில் உட்கார்ந்துவிட்டேன்.

"எழும்பும் ஐசே! தோப்பூர் ராத்தா நிக்கிறா!"

மறுமுனை, மூதூரில் ஒரு முஸ்லிம் நானாவின் கொமினிகேசன் கடை; காசு கொடுத்துப் போன் பேசும் இடம். ஒரு தாய் பேசுவதைப் பின்னால் காத்துநிற்கும் வரிசையே கேட்கும். எங்கள் நிலையத் தலைவி பதறினார். "மாஸ்டர், வீட்டு விசயம் ரகசியமெல்லே?"

"தாய்மாரிட்டக் கேட்டனான் மிஸ், இருக்கட்டும் எண்டவை. முந்திப் பிள்ளை கத்தினாப் பேய் எண்ட சனம், இப்ப 'கத்தினாக் குடுக்காதீங்க, கேட்டாக் குடுங்க' எண்டு தாய்மாருக்கே சொல்லிக் குடுக்குது!"

கட்டைபறிச்சான் கமலாவின் ஐந்து வயது மகள்தான் எங்களைக் கலங்கவைத்தாள். படகு ஓடிய நாளில் "தண்..." வரை வந்தவள், மறுபடி தலையை மோதத் தொடங்கியிருந்தாள். வாய்விட்டுக் கேட்கப் பழகினால்தான் அது நிற்கும். நெற்றி வீங்கிவிட்டதென்று கமலா போனில் அழுதாள்.

"தண்ணிக் கோப்பையைக் காட்டுங்கோ. ஒருத்தரும் கதைக்கக்கூடாது. சொல்லாட்டியும் பத்து எண்ணிப்போட்டுக் குடுங்கோ" என்றார் மாஸ்டர்.

ஊரையே கதைத்துக் களைக்கவைக்கும் மனிதர் பிறகு வாய் திறக்கவில்லை. ரிசீவரைக் காதில் அழுத்தியபடி வியர்த்தார்.

தலைவி எட்டிப் பார்த்தார். "ஆரோட கதைக்கிறீங்கள்?"

மாஸ்டர் கையால் அடக்கினார்.

ரிசீவரையும் மீறிக் கடைக்கார நானாவின் குரல் வந்தது: "லைன் கட்டாயிட்டு போல!"

வரிசை முழுவதும் சேர்ந்து, "உஷ்ஷ்!"

பிறகு நூலளவு குரலொன்று: "தண்ணி."

கடை ஆர்ப்பரித்தது. மாஸ்டர் சட்டைக் கையால் முகத்தைத் துடைத்தார்.

"ஐயா, வைக்கட்டே? பின்னால சனம் நிக்குது" என்றாள் கமலா.

"கொஞ்சம் பொறுங்கோ பிள்ளை. அவள் குடிச்சு முடிக்கட்டும். அந்தச் சத்தத்தையும் கேட்டிட்டு வைக்கிறன்."