கொலையாளியைக் காட்டிக்கொடுத்த பதிவு

"இந்தாம்மா உன் புக்கு. நீயே வெச்சுக்கோ."

சந்திரம்மா புத்தகத்தை வைத்த வேகத்தில் மேஜைமேல் இருந்த ரப்பர் ஸ்டாம்ப் உருண்டு கீழே விழுந்தது. நூலகர் தமயந்தி கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு நிமிர்ந்தாள். நேற்று மாலைதான் சந்திரம்மா ஆசையாக எடுத்துப்போன துப்பறியும் நாவல். 'மாடிப்படியில் ஒரு செருப்பு'. முந்நூற்றுப் பன்னிரண்டு பக்கம்.

"அதுக்குள்ள முடிச்சுட்டீங்களா?"

"எங்க முடிக்கிறது? ஆரம்பிக்கவே உடலியே! பஸ்ஸுல ஏறி உக்காந்து நீ குடுத்த சீட்டப் படிச்சேன். 'கொலையாளி டாக்டர்'னு அதுலயே போட்டுக்கீது. அப்புறம் இன்னாத்துக்கு நான் முந்நூறு பக்கம் படிக்கணும்?"

தமயந்தி சீட்டை வாங்கிப் பார்த்தாள். புத்தகம் எடுப்பவர்களுக்குக் கதைச்சுருக்கத்தோடு ஒரு சீட்டு அச்சடித்துக் கொடுப்பது இந்த வாரம் வந்த புது ஏற்பாடு. சீட்டில் இப்படி இருந்தது: 'செருப்பு யாருடையது என்பதே கதை. கொலையாளி குடும்ப டாக்டர். கடைசியில் கல்யாணம் நடக்கிறது. தைரியமாகப் படிக்கலாம்.'

"தைரியமா படிக்கலாமாம்! மிச்சம் என்ன இருக்கு படிக்க?" என்றாள் தமயந்தி. வரியில் ஓர் எழுத்துப்பிழைகூட இல்லை என்பது அவளுக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது.

"என்ன பேஜார்மா இது. வேற குடு. சோகமா முடியாததா குடு."

பெங்களூர் ஆஸ்டின் டவுன் வாசகிகள் எல்லோருக்கும் இந்தப் பழக்கம் உண்டு. முடிவு நல்லதா என்று தெரியாமல் ஒரு கதையையும் வீட்டுக்கு எடுத்துப்போக மாட்டார்கள். அதற்காகக் கொலையாளி யாரென்றும் சேர்த்துச் சொல்லச் சொன்னவர்கள் இல்லை. தமயந்தி அலமாரியிலிருந்து ஒரு குடும்ப நாவலை எடுத்துக் கொடுத்தாள். சீட்டை மட்டும் கொடுக்கவில்லை.

சந்திரம்மா போனதும் கணினித் திரையில், சீட்டில் அச்சாகும் அந்தப் புத்தகத்தின் பதிவைத் தேடி எடுத்தாள். அடியில் கொட்டை எழுத்தில் நின்றது: 'பதிவு: தலைமை நூலகம்.'

"அதானே பார்த்தேன்," என்றாள் காலி நாற்காலிகளிடம்.

தமயந்திக்கு இருபத்தொரு வருட சர்வீஸ். ஆஸ்டின் டவுன் தமிழ் நூலகத்தில் அவள் நோட்டு நோட்டாக எழுதிய பதிவில் இதுவரை யாரும் குறை சொன்னதில்லை என்பதில் அவளுக்கு இருந்த பெருமை கொஞ்சநஞ்சமல்ல. பெங்களூரில் உள்ள ஒன்பது தமிழ் நூலகங்கள் இரண்டு வருடத்துக்கு முன்னால் ஒரு கூட்டமைப்பாகச் சேர்ந்தன. ஒரு புத்தகத்துக்கு ஒரே பதிவு. ஒருவர் எழுதினால் மற்ற எட்டுப் பேரும் அதையே பயன்படுத்திக்கொள்ள வேண்டும் என்பது ஏற்பாடு. பழைய புத்தகங்களின் பதிவெல்லாம் அல்சூரில் இருந்த தலைமை நூலகத்திலிருந்து மொத்தமாக வந்து இறங்கியது. புதுப் புத்தகங்களின் பதிவை மட்டும் கிளைகள் எழுதின.

அதற்கும் இப்போது ஆபத்து வந்திருந்தது. வருகிற சனிக்கிழமைக் கூட்டத்தில், புதுப் புத்தகங்களையும் இனி தலைமை நூலகமே எழுதும், கிளைகள் புத்தகம் கொடுத்து வாங்கினால் போதும் என்று ஒரு தீர்மானம் வரப்போகிறது. தமயந்திக்கு அது, சமைக்கிறவளை நாளையிலிருந்து பரிமாற மட்டும் வா என்று சொன்ன மாதிரி இருந்தது. பதிவு எழுதாத நாளை அவளால் நினைத்துப் பார்க்கவே முடியவில்லை.

"இவங்க லட்சணத்துக்கு எல்லாத்தையும் இவங்களே எழுதுவாங்களாம்," என்று சொல்லிக்கொண்டே டாக்டர் வரியை அழித்தாள்.

மறுநாள் காலை வந்து திறந்தபோது டாக்டர் பத்திரமாகத் திரும்பி வந்திருந்தார். தலைமை நூலகத்தின் கோப்பு தினமும் காலையில் எல்லாக் கிளைகளிலும் தானாகப் புதுப்பித்துக்கொள்ளும். கிளையில் யார் என்ன அழித்தாலும் அதன் ஆயுள் ஒரு நாள்தான்.

தமயந்தி யோசித்தாள். அழிக்கத்தானே முடியாது? கிளைக் குறிப்பு என்று ஒரு கட்டம் இருந்தது. அதில் எழுதினால் யாரும் தொட முடியாது; ஒன்பது நூலகங்களின் சீட்டிலும் அது வரும். வாசகர்கள் குழம்பினால் போதும், கதை பிழைத்துவிடும் என்று முடிவு செய்து, 'மேலே உள்ள வரி தவறு. கொலையாளி டாக்டர் அல்ல' என்று அடித்தாள். பொய்தான். ஆனால் நல்ல காரியத்துக்குச் சொன்ன பொய்.

புதன்கிழமை பத்து மணிக்கு எலெக்ட்ரானிக் சிட்டியிலிருந்து லாவண்யா போன் செய்தாள். ஐ.டி. கம்பெனி வேலைக்கு நடுவே அங்கே ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பில் நூலகம் நடத்துகிறவள்.

"மேடம், டாக்டர் இல்லைன்னு நீங்களா போட்டீங்க?"

"ஆமா. ஏன்?"

"எங்க பிளாக்ல ஒருத்தர் புக்கை முழுசா படிச்சிட்டார். டாக்டர்தான்னு அடிச்சுச் சொல்றார். இன்னொருத்தர் லைப்ரரி சொன்னா சரியாத்தான் இருக்கும்கிறார். ரெசிடென்ட்ஸ் க்ரூப்ல காலையில இருந்து சண்டை. ப்ரூஃப் வேணும்னு கடைசி அத்தியாயத்தையே போட்டோ எடுத்துப் போட்டுட்டாங்க மேடம்."

"எத்தனை பேர் இருக்காங்க அந்த க்ரூப்ல?"

"முந்நூத்தி எண்பது."

தமயந்தி கண்ணை மூடிக்கொண்டாள். ஆஸ்டின் டவுனில் ஒரு சந்திரம்மாவுக்குத் தெரிந்திருந்த கொலையாளியை இப்போது எலெக்ட்ரானிக் சிட்டியில் முந்நூற்று எண்பது பேருக்குத் தெரியும்.

உடனே தலைமை நூலகத்துக்குப் போன் போட்டாள். மென்பொருளைப் பார்த்துக்கொள்ளும் அருண்குமார் எடுத்தான்.

"அந்த வரியை எடுங்க தம்பி."

"பழைய ஃபைல்ல கை வைக்கறதுக்கு தலைவர் சார் பர்மிஷன் வேணும் மேடம். சனிக்கிழமை மீட்டிங் முடியட்டும்னுட்டார். நீங்க ஒண்ணு பண்ணுங்க. பதிவு பக்கத்துல 'சர்ச்சை'ன்னு ஒரு பட்டன் இருக்கும். அதை அமுக்கினா சுருக்கம் மறைஞ்சிடும்."

"யார் எழுதினது அதை? பேரைச் சொல்லுங்க."

"அதெல்லாம் ஏத்தினப்புறம் சேர்ந்தவன் நான் மேடம்," என்று வைத்துவிட்டான்.

தமயந்தி பட்டனை அமுக்கினாள். சுருக்கம் மறைந்தது. அவள் நிம்மதியாக மூச்சுவிட்டுச் சாப்பாட்டு டப்பாவைத் திறந்தாள். சர்ச்சை என்று குறித்த புத்தகம் ஒன்பது நூலகங்களின் திரையிலும் முதல் பக்கத்தில் சிவப்புக் கட்டத்தில் போய் நிற்கும் என்பதை அருண்குமார் சொல்லவில்லை.

அதை வியாழக்கிழமை பொம்மசந்திராவிலிருந்து ரவி சொன்னான். தொழிற்பேட்டைத் தொழிலாளர்களுக்கான நூலகம் அவன் பொறுப்பு.

"மேடம், அந்த செருப்பு புக்கைத் தடை பண்ணப் போறாங்களா?"

"யார் சொன்னா?"

"சிவப்புல போட்டுக்கீதே. ஷிப்டு முடிச்சு வந்தவங்க நாப்பது பேர் லைன்ல நிக்கிறாங்க. தடை வர்றதுக்குள்ள படிக்கணுமாம். என்கிட்ட இருக்கிறது ஒரே காப்பி. அதனால ஒருத்தர் ஏறி நின்னு எல்லாருக்கும் சத்தமா படிச்சுக் காட்டறாரு."

"பரவாயில்லையே!"

"நேரமாவுதுன்னு கடைசி அத்தியாயத்துல இருந்து படிக்கிறாரு மேடம்."

தமயந்திக்கு அவமானமாக இருந்தது. தன்னால் ஒரு கதை மூன்று ஊருக்குப் பாழாகிவிட்டது. அதற்கெல்லாம் மூலகாரணமான அந்த முகம் தெரியாத ஆசாமி அல்சூரில் மின்விசிறிக்கு அடியில் உட்கார்ந்து இன்னும் எதையோ எழுதிக்கொண்டிருப்பான் என்று நினைக்க நினைக்கக் கொதித்தது.

வெள்ளிக்கிழமை தலைமை நூலகத்தின் பழைய பதிவுகளை வரிசையாகத் திறந்து பார்த்தாள். ஆசாமி ஒரு கதையையும் விட்டுவைக்கவில்லை. 'மாமியார் கடைசியில் திருந்திவிடுகிறாள்.' 'கதாநாயகன் பிழைக்க மாட்டான். மனசு திடமானவர்கள் எடுக்கலாம்.' 'கடிதம் எழுதியது தங்கை. நடுவில் கொஞ்சம் அழுகை, முடிவு நல்லது.' மதியத்துக்குள் அறுபத்து மூன்று கதைகளைக் கண்டுபிடித்துத் தாளில் குறித்தாள். எழுதியவர் யாராக இருந்தாலும் ஒவ்வொரு புத்தகத்தையும் கடைசிப் பக்கம் வரை படித்திருக்கிறார் என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். தமயந்தி ஒப்புக்கொள்ளவில்லை.

சனிக்கிழமை அல்சூரில் கூட்டம். ஒன்பது நூலகத்தாரும் வந்திருந்தார்கள். தலைவர் இராஜமாணிக்கம் நடுவில் உட்கார்ந்திருந்தார். எழுபது வயதிலும் மடிப்புக் கலையாத சட்டை, அதிர்ந்து பேசாத சுபாவம். தீர்மானத்தை வாசித்துவிட்டு, "யாருக்காவது ஏதாவது சொல்லணுமா?" என்றார்.

தமயந்தி எழுந்தாள். பட்டுப்புடவை கட்டி வந்திருந்தாள்.

"சார், எல்லாப் பதிவையும் தலைமை நூலகமே எழுதும்னு சொல்றீங்க. எப்படி எழுதுவீங்கன்னு நான் வாசிச்சுக் காட்டட்டுமா?"

வாசித்தாள். மாமியார் திருந்தியதற்கு ஹாலில் சிரிப்பு எழுந்தது. 'கதாநாயகன் பிழைக்க மாட்டான்' என்றபோது ரவி மேஜையைத் தட்டினான். டாக்டரிடம் வந்தபோது லாவண்யா சிரிப்பில் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"இருபத்தொரு வருஷமா நான் எழுதறேன் சார். வாசகருக்கு எதைச் சொல்லணும், எதை மறைக்கணும்னு தெரிஞ்சவதான் எழுதணும். இதை எழுதினவருக்கு வாசகர்னா யாருன்னே தெரியாது. ஆஸ்டின் டவுனுக்கு வந்து ஒரு வாரம் என் பக்கத்துல உக்காரச் சொல்லுங்க. கத்துக் குடுக்கறேன்!"

கைதட்டல் அடங்க வெகுநேரமாயிற்று. தன்னால் ஒன்பது நூலகங்களின் உரிமையும் நிலைக்கப்போகிறது என்ற பூரிப்பில் தமயந்தி புடவைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டாள். இராஜமாணிக்கம் மட்டும் தலைகுனிந்து தன் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். தோற்றவருடைய அடக்கம் என்று அவள் நினைத்துக்கொண்டாள்.

"சரிம்மா. தீர்மானத்தைத் திரும்ப வாங்கிக்கறேன்," என்றார் அவர். "புதுப் புத்தகத்தைக் கிளைகளே எழுதுங்க. பழைய பதிவுகளையும் திருத்தச் சொல்றேன்."

அத்தோடு தமயந்தி உட்கார்ந்திருக்கலாம்.

"அது போதாது சார். இதை எழுதினவர் இனிமே எந்தப் பதிவையும் தொடக் கூடாதுன்னு ஒரு தீர்மானம் போடணும்."

இராஜமாணிக்கம் கண்ணாடியை மாட்டிக்கொண்டு அவளைப் பார்த்தார்.

"அது எதுக்கும்மா? தெரியாம நடந்திருக்கும். நல்லா வேலை செய்யற ஆள்."

"நல்லா வேலை செய்யறவங்க கொலையாளியை ரெண்டாவது வரியில சொல்ல மாட்டாங்க."

"கொஞ்சம் யோசிச்சு..."

"யோசிச்சுட்டுத்தான் சொல்றேன் சார். நீங்க ஆளைக் காப்பாத்தப் பாக்கறீங்க."

"ஆமாம்மா," என்றார் அவர். "காப்பாத்தத்தான் பாக்கறேன்."

அதை ஒப்புக்கொண்டது ஹாலுக்குப் பிடிக்கவில்லை. லாவண்யா முன்மொழிந்தாள், ரவி வழிமொழிந்தான், ஒன்பது கைகளும் உயர்ந்தன. 'மேற்படி பதிவுகளை எழுதியவர் இன்று முதல் கூட்டமைப்பின் எந்தப் பதிவையும் எழுதவோ திருத்தவோ கூடாது.' இராஜமாணிக்கம் பெருமூச்சோடு தாளை நகர்த்தினார். முதல் கையெழுத்தைத் தமயந்தி போட்டாள், முழுப் பெயரும் வருகிற மாதிரி, அடியில் ஒரு கோடும் இழுத்து.

திரும்பும்போது கூட்டமைப்பின் வேனில் முன்சீட்டில் உட்கார்ந்தாள். ஒன்பது நூலகங்களுக்கும் புத்தகம் ஏற்றி இறக்கும் முனியப்பன்தான் வண்டி ஓட்டினார். ட்ரினிட்டி சர்க்கிளில் வழக்கம்போல வண்டி நகரவில்லை. தமயந்திக்கு அதுவும் நன்றாக இருந்தது. ஜெயித்தவளுக்கு டிராபிக் கூட ஊர்வலம்தான்.

"கேட்டீங்களா முனியப்பண்ணா, எப்படிக் கை தட்டினாங்க!"

"கேட்டேன் மேடம்."

"நம்ம ஆஸ்டின் டவுன் பேரு இன்னைக்கு நின்னுடுச்சு. யாராலயும் இனிமே என் கையில இருந்து பேனாவைப் பிடுங்க முடியாது."

முனியப்பன் ஹாரன் அடித்தார். அதற்குள் வேன் சிக்னல் வரை ஊர்ந்து வந்திருந்தது; முன்னால் ஒரு வண்டியும் இல்லை.

"நீங்க அங்கேயே இருக்கறவர். உங்களுக்குத் தெரியாம இருக்காது. யார் அந்த ஆளு? சார் சொந்தக்காரரா?"

"ஆய்த்து, முடிஞ்சுது விடுங்க மேடம். எதுக்கு இப்ப அது."

"என்கிட்ட மட்டும் சொல்லுங்க. பாவம், வேலை போன ஆளு. நானே கூப்பிட்டு ஆறுதல் சொல்றேன்."

சிக்னல் பச்சைக்கு மாறியது. முனியப்பன் வண்டியை எடுக்காமல் அவள் பக்கம் திரும்பினார்.

"ரெண்டு வருஷம் முன்ன, பைண்டிங் போட்டுத் தரோம்னு உங்க கைப்பட கதைச்சுருக்கம் எழுதின பதினாலு நோட்டை நான்தானே மேடம் இதே வண்டியில ஏத்திட்டுப் போனேன்? ஒம்போது லைப்ரரியிலயும் இந்தம்மா எழுத்துதான் சுத்தமா இருக்குதுன்னு, ஒரு புள்ளிகூட மாத்தாம அதையே டைப் அடிக்கச் சொன்னாரு சார்."