சட்டாம்பிள்ளையும் தண்டவாள மணியும்

ஆசிரியர் இல்லாத பாடசாலையில் மாணவர் ஒழுக்கம் நிலைக்குமா என்று கற்றோர் இன்றும் ஆராய்கின்றனர். ஐந்தாம் வகுப்போடு கல்வியை முடித்துக்கொண்ட அடியேன், அவ்வாராய்ச்சியை ஒரே முற்பகலில் செய்து முடித்தவன்.

ஒட்டுசுட்டானுக்கு அப்பால், காட்டோரத்தில் இருந்த எங்கள் பாடசாலைக்கு ஒரேயொரு வாத்தியார். யாழ்ப்பாணத்தில் அவருடைய மனைவிக்குப் பேறுகாலம். வெள்ளிக்கிழமை புறப்படுமுன், சட்டாம்பிள்ளையாகிய என்னைத் தனியே அழைத்தார்.

"திங்கக்கிழமை பஸ் பிந்தினால் நீதான் பொறுப்பு. சத்தம் வெளியில போகப்படாது. நான் இல்லையெண்டு தெரிஞ்சால் ஊராக்கள் மேலிடத்துக்குப் பெட்டிசம் எழுதிப்போடுவினம். என்ரை உத்தியோகம் உன்ரை கையிலதான்."

திங்கட்கிழமை நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு வகுப்பின் முன் நின்றேன். (அந்நெஞ்சில் எலும்பைத் தவிர வேறெதுவும் இருக்கவில்லை.) பஸ் வரவில்லை. சிறிது நேரத்தில் வாத்தியாரின் கதிரையில் ஒருவன், மேசையில் இருவர், கூரை வளையில் ஒருவன்.

"சத்தம் போடாதேங்கோ!" என்று அதட்டினேன்.

"முதல்ல மீசை முளைக்கட்டும், பிறகு அதட்டு!" என்றான் வளையில் தொங்கியவன்.

இரைச்சல் ஊருக்குக் கேட்டுவிடுமே என்று பதறி, மணியாகத் தொங்கிய தண்டவாளத் துண்டை ஓடிச்சென்று அடித்தேன். ஒருவரும் அடங்கவில்லை. கை ஓயும்வரை விடாமல் அடித்தேன். எங்கள் ஊரில் இரும்பை விடாமல் அடித்தால், விளைந்த வயலுக்குள் யானை இறங்கிவிட்டது என்பதே பொருள். தொட்டிற் குழந்தைக்கும் தெரிந்த இவ்விடயம் அக்கணம் எனக்கு மறந்துபோயிற்று.

கோடாலியோடு என்னைப் பெற்ற ஐயா, வேட்டைத் துவக்கோடு மாமா, தகரங்களைத் தட்டியபடி பின்னால் பாதி ஊர். வகுப்பு உடனே கப்சிப்!

"எங்கையடா ஆனை?" என்றார் ஐயா.

"ஆனை இல்லை ஐயா... பெடியள் சத்தம் போட்டவங்கள்..."

"அதை நிப்பாட்டவோ இந்தச் சத்தம்? வாத்தியார் எங்கை?" என்றார் மாமா.

உத்தியோகத்தைக் காப்பாற்ற வேண்டுமே! "அவருக்கு வயித்துக்குத்து. காட்டுப்பக்கம் ஒதுங்கப் போனவர்" என்றேன்.

"எப்ப போனவர்?"

நான் வாய் திறக்குமுன் இரண்டாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி எழுந்து, கைகட்டி, தெளிவாக விடை பகர்ந்தாள்: "வெள்ளிக்கிழமை!"

மாமா துவக்கைச் சுவரில் சாத்திவிட்டுத் தரையில் உட்கார்ந்து சிரித்தார். நான் அழுதழுது உண்மையைச் சொன்னேன்.

"பிள்ளைப்பேறெண்டு எங்களிட்டைச் சொல்லிப்போட்டுப் போயிருக்கலாமே அந்த மனுசன்!" என்றார் ஐயா.

பெட்டிசம் எவரும் எழுதவில்லை. மாறாக, பாடசாலைக்கு அருகே ஒரு மண்வீடு எழுப்பிக் கொடுத்தார்கள். வாத்தியார் மனைவியோடும் குழந்தையோடும் குடிவந்தார். அதன்பின் பாடசாலையில் பூரண ஒழுக்கம் நிலவியது. அடுப்படிக் குசினியிலிருந்து எழும் அவருடைய மனைவியின் குரலுக்கு வாத்தியாரும் அடங்கித்தான் இருந்தார்.

அந்த இரண்டாம் வகுப்புச் சிறுமி பின்னாளில் எனக்கே வாழ்க்கைப்பட்டாள். இன்றும் நான் கிணற்றடிப் பக்கம் சற்றே தாமதிக்கும் வேளையில் எவரேனும் என்னைத் தேடி வந்தால், அவள் மிக்க மரியாதையோடு கதிரை போட்டு அமர்த்திச் சொல்லுவாள்:

"பின்னுக்குப் போனவர், இருங்கோ. வெள்ளிக்கிழமை போனவர்."