காய்ந்த தடியில் துளிர்த்த குபேரன்

ஆம்பூர் பக்கமெல்லாம் ஒரே பேச்சு. செல்லம்மாள் வீட்டு மாமரத்தில் குபேரன் வந்து குடியேறிவிட்டானாம். நடுக்கொம்பில் மாவிலை அல்லாத வேறு இலை, குழல் குழலாக ஆரஞ்சுப் பூ. காலடியில் மண் இல்லை, தண்ணீர் ஊற்ற ஆள் இல்லை, தளதளவென்று நிற்கிறது. கண்டுபிடித்தவர் கிளைச்சித்தர். ஜோலார்பேட்டையில் ரயிலை விட்டு இறங்கியவர். எந்த ஊரில் ஏறினார் என்று யாரும் கேட்கவில்லை. கேட்டால் பக்தி குறைந்துவிடாதா?

"மண்ணும் தண்ணியும் இல்லாம இது வளர்ற மாதிரி, உழைப்பு இல்லாம உங்க சொத்து வளரும்" என்றார் சித்தர். ஷூ கம்பெனியில் பொழுதுக்கும் நின்று கால் வீங்குகிற சனம், உழைப்பில்லாத சொத்துக்காக லீவு நாளிலும் வரிசையில் நின்றது. சிவப்பு நூல் சுற்றிய ஒரு கொத்து இலைக்கு ஒருநாள் கூலி காணிக்கை.

நம்பாதவர்களை மடக்கச் சித்தரிடம் கைத்தடி இருந்தது. பட்டுப்போன கட்டை. காலையில் அதை மஞ்சள் துணியால் மறைத்துப் பூசை போடுவார். துணி விலகினால் கட்டையில் அதே இலை துளிர்த்திருக்கும்.

செல்லம்மாளின் மருமகள் அம்பிகாவுக்கு வயிறு எரிந்தது. குபேரன் உட்கார்ந்த இடத்துக்கு அப்பால் கொம்பு காய்ந்துகொண்டே போனது. அந்தப் பக்கம் இந்த வருஷம் பூவே வைக்கவில்லை. வெட்டலாம் என்றால், தொட்டவர் குடும்பம் விளங்காது என்று சித்தர் சொல்லிவிட்டார். மாமியார் மரத்தடியிலேயே காவலுக்குப் படுத்துவிட்டாள். இப்படியே விட்டால் மரம் அடுப்புக்குத்தான்.

அன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை. தலைக்குக் குளித்துவிட்டு வந்த அம்பிகாவின் உச்சியில் தடியை வைத்துச் சித்தர் ஆசீர்வதித்தார். மூக்கில் சுருக்கென்று ஏறியது நெடி. ஷூவுக்கு அடித்தோல் ஒட்டுகிற சொல்யூஷன். வரிசையில் நிற்கிற அத்தனை பேர் கையிலும் நாள்தோறும் அடிக்கிற வாசனைதான். சாமி மேல் அடித்தால் யாருக்கு வித்தியாசம் தெரியும்?

அவள் பணிவாகவே கேட்டாள், தடி ஒரு பகல் முழுக்க வாசலில் நிற்கட்டும், எல்லாரும் சுற்றி உட்கார்ந்து கும்பிடுகிறோம் என்று. தடியைப் பிரிந்தால் தன் உயிர் பிரியும் என்றார் சித்தர்.

"அப்ப தடியோடவே குந்துங்க சாமி. வெயில் கொஞ்சம் ஜாஸ்தி, நான் மோர் தர்றேன்" என்றாள் பக்கத்து வீட்டு ஜஹீருன்னிசா.

கூட்டம் சந்தோஷமாகப் பாய் விரித்தது. சித்தருக்கு எழுந்து ஓட வழியில்லை.

எங்கள் பக்கத்து வெயிலுக்குச் சித்தர், பக்தர் என்ற பாகுபாடு கிடையாது. இலை துவண்டது. குபேரன் உறங்குகிறார் என்று சமாளித்தார். உச்சிப்பொழுதில் சொல்யூஷன் இளகியது. குபேரன் தடியில் மெதுவாக வழுக்கி வந்து சித்தர் மடியில் இறங்கினான்.

ஒட்டுகிற செக்‌ஷனில் வேலை பார்க்கும் அப்துல் சமத் அதை எடுத்து மோந்து பார்த்தார்.

"ரெண்டு பக்கமும் தடவி, கொஞ்சம் காயவிட்டு, அப்புறம் அழுத்தணும் சாமி. இன்னா வேலை பண்ணி வெச்சிருக்கீங்க."

தெருவே சிரித்தது. வாங்கிய காணிக்கையெல்லாம் அதே வரிசையில் திரும்பிப் போனது.

செல்லம்மாள் மட்டும் சிரிக்கவில்லை. "மரத்துல இருக்கிறது ஒட்டுனது இல்லியே. அது நெஜமாத்தானே வளருது?"

"நெஜம்தான் அத்தை. குருவி பழத்தைத் தின்னுட்டு விதையைக் கொம்புல தேய்ச்சிட்டுப் போயிருக்கு. அது மரத்துக்குள்ளயே வேரை விட்டுடுச்சு. மரம் இழுக்கிற தண்ணிய அது குடிக்குது. அதான் நம்ம கொம்பு காயுது. அது பேரு புல்லுருவி."

செல்லம்மாள் காய்ந்த கொம்பை வெகுநேரம் அண்ணாந்து பார்த்தாள். பிறகு உள்ளே போய் அரிவாளோடு வந்தாள்.

"கொஞ்சம் உள்ள தள்ளியே வெட்டுடி. வேர் மிச்சம் இருக்கப் போவுது."

கண்ணுங்களா, மரத்துக்குக் கை கிடையாது. தன்னை உறிஞ்சுகிறதைத் தானே பிடுங்கி எறிய அதனால் முடியாது. நமக்கு இரண்டு கை இருக்கிறது. கண்டவன் முன்னாலும் அவற்றைக் கூப்பிக்கொண்டே நின்றால், பிடுங்கி எறிவது எப்போது?