பூச்சி சாரும் என் ஈரத் துண்டும்

பயப்படுவதற்கென்றே ஒரு மனிதன் பிறந்தான் என்றால் அது பூச்சி சார்தான். மரக்காணத்திலிருந்து புதுச்சேரி வரைக்கும் சலித்துத் தேடினாலும் இன்னொருவர் கிடைக்கமாட்டார். ஆட்டுக்குட்டி முறைத்தால் வழி விடுவார். போன் திடீரென்று அடித்தால் நெஞ்சு நின்றுவிடும் என்று அதைத் துணியில் சுற்றி டிபன் பாக்ஸில் போட்டு வைத்திருந்தார். குக்கரில் விசில் வரும் நேரத்துக்குத் தெருவில் போய் நின்றுகொள்வாராம். அவரே சொன்னார்.

நான் அப்படியில்லை. ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். அடுத்தவர் பாத்தியில் உப்பு வாரிப் பிழைத்து, சொந்த உப்பளத்துக்கு முதலாளி ஆனவன். எத்தனையோ புயலை வரப்பில் நின்று பார்த்திருக்கிறேன். எனக்கு இருந்தது ஒரே ஒரு பயம். ஒரு முறை என் மனைவி செல்லத்தைத் தேனீ கொட்டியது. ஒரே கொட்டுதான். முகம் வீங்கி, தொண்டை அடைத்து, மூச்சு விட்டு விட்டு வந்தது. இன்னொரு தடவை கொட்டினால் உயிருக்கு உத்தரவாதம் இல்லை என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

அப்படிப்பட்டவளைக் கூட்டிக்கொண்டு எவனாவது தேனீ இருக்கிற இடத்துக்குப் போவானா? நான் போனேன். கிளியனூர்ப் பக்கம் ஒரு தாவரத் தோட்டம் இருக்கிறது. கோடை லீவில் குடும்பத்தோடு வந்து பூவையும் பூச்சியையும் பார்க்கலாம் என்று நோட்டீஸ் வந்தது. பேத்தி யாழினி ஒற்றைக் காலில் நின்றாள். செல்லத்தை வீட்டில் இருக்கச் சொன்னேன்.

"புள்ளய உங்கள நம்பி அனுப்பிட்டு நான் இங்க நகத்த கடிச்சிட்டு உக்காந்திருக்கவா? ஓரமா நெழல்ல உக்காந்துக்கறேன். வண்டிய எடுங்க."

எடுத்தேன். இருபது பேரை நடுங்க வைக்கும் என் குரல். அவளிடம் மட்டும் எடுபடாது.

தோட்டத்தைச் சுற்றிக்காட்டுகிறவர்தான் பூச்சி சார். ஒல்லி உடம்பு, முழுக்கை சட்டை. கையில் பிடித்திருந்த தாள் படபடத்தது; காற்றே இல்லை. அதைப் பார்த்துப் படித்தார்.

"ஓடக் கூடாதுங்க. கைய வீசக் கூடாதுங்க. சென்ட் போட்டவங்க பின்னாடி நில்லுங்க. கத்தவே கூடாதுங்க…"

"சார், மூச்சு வுடலாமா?" என்றேன். கூட்டம் சிரித்தது.

"மெதுவா வுடுங்க ஐயா" என்றார். அவர் சிரிக்கவில்லை.

ஆளுக்கொரு செடி முன்னால் உட்கார்ந்து, எந்தப் பூச்சி வருகிறது என்று எழுத வேண்டும். "அவங்க வந்து போற வரைக்கும் ஆடாதீங்க" என்றார். பூச்சிக்கெல்லாம் மரியாதைதான். யாழினிக்கு ஒரு பெயிண்ட் பிரஷ் கொடுத்து, பூசணியின் ஆண் பூவிலிருந்து மகரந்தத்தைத் தொட்டுப் பெண் பூவில் வைக்கச் சொன்னார். அவள் நாக்கை வெளியே நீட்டிக்கொண்டு வைத்தாள்.

செல்லம் தள்ளி, புங்கமரத்தடியில் பெஞ்சில் இருந்தாள். நிழலிலும் அனல் அடித்தது. எங்கள் தொழிலில் ஒரு வித்தை உண்டு. உப்பு வாரியபின் பாத்தியில் மிஞ்சுகிற கசப்புத் தண்ணீரில் துண்டை நனைத்தால் லேசில் காயாது. அன்று காலையிலேயே நனைத்து எடுத்து வந்திருந்தேன். அதை அவள் தலையில் போட்டுவிட்டு, படித்தவன் எவனுக்கு இது தெரியும் என்று நினைத்துக்கொண்டு பேத்தியிடம் வந்தேன்.

கால் மணி நேரம் கழித்துத் திரும்பிப் பார்த்தேன். துண்டின்மேல் கறுப்பாக ஏதோ ஊர்ந்தது. தேனீக்கள். நாற்பது, ஐம்பது இருக்கும். நாலைந்து நெற்றியில் இறங்கி வேர்வையை உறிஞ்சிக்கொண்டிருந்தன. செல்லம் சிலையாக உட்கார்ந்திருந்தாள். கண் மட்டும் என்னைத் தேடியது.

துண்டைப் பிடுங்கி எறியப் பாய்ந்தேன்.

"தொடாதீங்க!" கத்தவே கூடாது என்றவர்தான் கத்தினார்.

"சார், ஒண்ணு கொட்டினா போதும், இவ செத்துருவா சார்!"

பூச்சி சாரின் முகம் சுண்ணாம்பாக வெளுத்தது. அப்படியே நடுங்கிக்கொண்டே அவள் எதிரே போய் மண்டியிட்டார்.

"அம்மா, கண்ண மூடிக்குங்க. அவங்க உப்புத்தண்ணி குடிக்க வந்திருக்காங்க, அவ்ளோதான். வெயில் காலத்துல அவங்களுக்கும் தவிக்குமில்ல? பாப்பா, அந்த பிரஷ்ஷ குடு."

துண்டின் இரண்டு முனைகளையும் பிடித்து, பால் சட்டியை இறக்குவதுபோலத் தூக்கினார். அதைத் தூரத்து வேலியில் போட்டுவிட்டு வந்தார். பிறகு நெற்றியில் இருந்தவற்றைப் பிரஷால் ஒவ்வொன்றாக ஏற்றி எடுத்தார். இரண்டாவது பறந்து அவர் கண் இமையிலேயே கொட்டியது. எனக்கு உயிர் போய் வந்தது. அவர் கையை நிறுத்தவில்லை. மூன்று. நான்கு. கடைசி ஒன்று செல்லத்தின் புருவத்துக்குள் புகுந்துகொண்டது. நான் கும்பிடாத சாமி இல்லை. மாதா கோயிலுக்கும் சேர்த்து வேண்டிக்கொண்டேன். அதையும் பிரஷில் ஏற்றி எடுத்துவிட்டார்.

"எழுந்து மெதுவா நடங்கம்மா. ஓடாதீங்க."

செல்லம் காருக்குள் ஏறிக் கதவைச் சாத்திய பிறகுதான் பூச்சி சார் கீழே உட்கார்ந்து, "ஐயோ, எரியுதே!" என்று அலறினார். தோட்டத்து மைனா எல்லாம் பறந்து போயின.

"ஒரே ஒரு துண்டுல என்னை அனுப்பிவிடப் பாத்தீங்களே" என்றாள் செல்லம். அவள் கை இன்னும் சில்லென்று இருந்தது.

சாருக்கு ஒரு கண் முழுசாக மூடிவிட்டது. சைக்கிள் ஓட்ட முடியாது. வீடு பெரிய முதலியார்சாவடியில். நானே கொண்டுவிடுகிறேன் என்று முன் சீட்டில் ஏற்றினேன். வண்டி கிளம்பியதும் டேஷ்போர்டை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

"ஐயா, வேகம்னா எனக்கு பயம்."

இத்தனை வருஷத்தில் இந்த ரோட்டில் ஒரு லாரியைக்கூட நான் முந்த விட்டதில்லை. அன்றைக்கு பஸ் முந்தியது, டிராக்டர் முந்தியது, மீன்கூடை கட்டிய ஒரு மொபெட்டும் முந்தியது. போகட்டும் என்று விட்டேன்.